செவலையின் சம்மதம்

எங்கள் மாதனூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து யார் கம்பெனி பஸ் ஏறுவது என்பதைப் படிப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. வீட்டில் எத்தனை பேர், குழந்தையை யார் பார்ப்பது, மாடு யாரைக் கறக்க விடும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எழிலரசியின் விஷயத்தில் நாலு வருஷமாக மாடுதான் முடிவு செய்தது.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, பி.காம். முடித்தவள். நான் பத்தாவதோடு நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறேன். டிகிரி இருந்தால் அங்கே ஆபீசில் நாற்காலி, சம்பளமும் ஜாஸ்தி. அந்த டிகிரியைப் பீரோவில் பூட்டிவிட்டு இவள் சாணி அள்ளுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவன் நவநீதனுக்கு ஒரு ஏக்கர் வேர்க்கடலை. மழை வந்தால்தான் காசு. மாமியார் சுந்தரி பேத்தியைப் பார்த்துக்கொள்வாள், ஆனால் மூட்டுவலியால் குந்த முடியாது. மிச்சம், செவலைப் பசு. எழிலரசியைத் தவிர யார் மடியைத் தொட்டாலும் உதைக்கும், பாலை அடக்கிக்கொள்ளும்.

ஆபீசுக்கு ஆள் வேண்டும் என்றதும் நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். காலைக் கறவையை அவள் முடித்துவிட்டு வருவாள், மத்தியானக் கறவை நவநீதன் பொறுப்பு. முதல் நாளே அவன் உதை வாங்கினான். ஒரு சொட்டுப் பால் இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் பாப்போம். ஆவலன்னா வேலைய வுட்டுடும்மா" என்றாள் சுந்தரி.

மறுநாளும் எழிலரசி என்னோடு பஸ் ஏறினாள். சாயங்காலம் நாங்கள் இறங்கியபோது தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. டீக்கடை வேதாசலம்தான் எழிலரசியிடம் விஷயத்தைச் சொன்னார். "உங்க வூட்டுக்காரன் நைட்டி போட்டுகினு சொசைட்டிக்குப் பால் எடுத்துகினு போனாம்மா."

காலையில் அவள் கழற்றிப் போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு நவநீதன் கறக்க உட்கார்ந்திருக்கிறான். செவலை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றிருக்கிறது. கறந்து முடிப்பதற்குள் பால் சொசைட்டி மூடும் நேரமாகிவிட, உடை மாற்றாமல் அப்படியே பைக்கில் பறந்திருக்கிறான்.

எழிலரசிக்கு முகம் செத்துவிட்டது. "அவ்ளோதாங்க்கா. இனிமே என்னை அனுப்ப மாட்டாரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சட்டை கசங்கினாலே கடைத்தெருவுக்குப் போகாத ஆள் அவன். என் தோஸ்த்தின் நாற்காலி இரண்டே நாளில் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் போனேன்.

வீட்டில் நவநீதன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடியில் கிடந்த நைட்டியை எழிலரசி வெடுக்கென்று இழுத்து, பக்கெட்டில் முக்கப் போனாள்.

"அத்த தோய்க்காத எழிலு" என்றான் அவன். "உன் வாசன போச்சுன்னா செவல நிக்காது. நாளைக்கும் நீ வேலைக்குப் போவணும்ல."