பந்தயப் புறாவும் பச்சைத் தீனியும்

எண்ணூர் போகும் வழியில், விம்கோ நகரில் மகேஸ்வரியின் மொட்டைமாடியில் நிற்கிறேன். தார்ப்பாய்த் தொட்டியில் அவள் வளர்க்கும் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி, பச்சைப் பெயின்ட்டைக் கரைத்துவிட்டதுபோல் மினுங்குகிறது. பாசியைக் காயவைத்துக் கம்பு தானியத்தோடு கலந்திருக்கிறாள். பக்கத்து மாடி பாஷா பாயின் பந்தயப் புறாக்கள் தின்றால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் தொட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

புறாக்கள் தட்டில் வைத்த தீனியை ஒரு கொத்து கொத்திவிட்டு, இலக்கிய விமர்சகர்களைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

“ஒண்ணு துன்னா எல்லாம் துன்னும். மன்சனும் துன்றதுதான் சார், நீ கொஞ்சம் துன்னு காட்டேன்,” என்கிறாள் மகேஸ்வரி.

ஐம்பது வயதில், புறாக்களுக்கு முன்மாதிரியாகக் குந்தி ஒரு பிடி மெல்கிறேன். காசிமேட்டு மீன் துறைமுகமே வாய்க்குள் இறங்குகிறது. ஒரு புறா தத்தி வருகிறது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும். தட்டு காலி.

பார்த்துக்கொண்டே நின்ற பாஷா பாய் தாடியைத் தடவுகிறார்.

“வாங்கிக்கறேன் மயேசு. ஆனா தெனிக்கும் இந்த சாரையும் இட்டாந்துடு.”