இரண்டு விசில்

விலங்குக் காப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் பெயர் வைப்பது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை. அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. நாள் முழுக்கத் தின்றுவிட்டுத் தூங்கிய பூனைக்கு மேனேஜர் என்று வைத்தாள். மழையில் நனைந்து வந்ததற்குக் குடை. மூன்று கால் நாய்க்கு ஸ்டூல் என்று வைத்ததில் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம். நாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை, கூப்பிட்டால் நொண்டி நொண்டி ஓடி வந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனை பெயர் வைத்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. ஆனால் பெயரைச் சொன்னால் முகத்தைச் சொல்லிவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். நாயைத் தொலைத்துவிட்டு யாராவது போன் செய்தால், எடுத்தவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே கூண்டு வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். "உக்காந்த எடத்துலேருந்தே இல்லைன்னு சொல்ல நாம யாரு?" என்று புதிதாகச் சேருபவர்களைப் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பாள்.

அறுபது நாய்க்குக் கட்டிய இடத்தில் தொண்ணூறு வந்து சேர்ந்த வருடம் எல்லாம் மாறியது. பதினைந்து நாளுக்குள் யாரும் தேடி வராத கிழட்டு நாய்களுக்கு வியாழக்கிழமை மீளாத் தூக்க ஊசி என்று நிர்வாகம் முடிவு செய்தது. முடிவெடுத்த பெரிய மனிதர்கள் வியாழக்கிழமைகளில் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மேஜைமேல் நாயைத் தூக்கி வைத்து, அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது இவள்.

அந்த ஊசி அறையைத் தாங்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். மருந்தை ஊசியில் ஏற்றும்போது உதட்டைக் குவித்து மெல்ல இரண்டு விசில் அடிப்பார். கூண்டு கழுவுபவர் சட்டைப்பை ரேடியோவை அலறவிடுவார். ரேடியோ என்பதே அவர் பெயராகிவிட்டது. அவள் கண்டுபிடித்த வழி, பெயர் வைப்பதை நிறுத்தியது. கூண்டு அட்டையில் வெறும் நம்பரை எழுதிவிட்டு நகர்ந்தாள்.

அப்புறம் போன் வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பதும் நின்றது. வரிசையில் நடந்தால் தொண்ணூறு முகமும் கம்பிக்கு வந்துவிடும். தேடுகிற நாய் பெரும்பாலும் அங்கே இருக்காது. ஒருநாள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விட்டு, "பாத்துட்டேங்க, இல்லை" என்றாள். தலையில் இடி ஒன்றும் விழவில்லை. மறுநாளும் அப்படியே சொன்னாள்.

அந்த வாரம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து வந்தாள். இவள் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டி, "ம், எழுந்திரு" என்றாள்.

"நீ என்னைப் பாக்கவே இல்லைம்மா."

"பாக்காமலா கட்டுப் போட்டேன்?"

"காலைத்தான் பாத்தே."

புருஷன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "இந்த வேலையை விட்டுடேன்" என்றான். "விட்டா அதுங்களை யாரு பிடிச்சுப்பா?" என்று எரிந்து விழுந்தாள். அன்று படுக்கையில் அழ வேண்டும் போல இருந்தது, அழுகைதான் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கல்லாகிவிட்டேனோ என்று தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை வினோதமாக ஒன்று நடந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பழுப்புக் கிழம், மேஜைமேல் சுருண்டு கிடந்தது. டாக்டர் வழக்கம்போல இரண்டு விசில் அடித்தார். நாய் சடாரென்று எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, வாலால் மேஜையைத் தட்டியது.

"பாருங்கக்கா, இன்ஸ்பெக்ஷனுக்கு ரெடியான பிள்ளை மாதிரி" என்று டாக்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்தே எவ்வளவோ நாளாகியிருந்தது. பிறகு அதன் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெரியவர் கைத்தடியோடு ஆபீஸுக்குள் வந்தார். உட்காருவதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"நான்தாம்மா ஆஸ்பத்திரியிலேருந்து மூணு தடவை போன் பண்ணினவன். ரிட்டயர்டு கண்டக்டர். இடுப்பு எலும்பு ஒடைஞ்சு படுத்துட்டேன். என்னைத் தூக்கிட்டு ஓடுற அவசரத்துல கேட்டைச் சாத்தலை, அது வெளியே போயிடுச்சு."

அவளுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. பழுப்பு நிறம், வயசானது, அதுக்கு ஒரு பழக்கம் உண்டும்மா என்று அவர் ஆரம்பிக்க, இவள் கொஞ்ச நேரம் விட்டு, பாத்துட்டேங்க, இல்லை என்று போனை வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது.

"மத்த எடத்துல எல்லாம் நான் பேசி முடிக்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க. நீங்க மூணு தடவையும் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னீங்க. இந்தக் காலத்துல யாரும்மா செய்வா? அதான் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இன்னொரு விஷயம். இனிமே வந்தா அடையாளம் தெரியணும் இல்ல?" சட்டைப்பையிலிருந்து பழைய விசில் ஒன்றை எடுத்தார். "ரெண்டு விசில் குடுத்தா பஸ் கெளம்பும் பாருங்க, அதை வீட்டுல வெளையாட்டா பழக்கி வெச்சேன். ரெண்டு விசில் கேட்டா எங்க படுத்திருந்தாலும் எழுந்து நிமிர்ந்து..."

விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"அடிக்காதீங்க" என்றாள். அவள் கத்திய கத்தலில் வெளியே ரேடியோ நின்றது.

ஒரு பொய் போதும். 'சரிங்க, வந்தா சொல்றோம்' என்றால் அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது. மூன்று தடவை சொல்லிப் பழகியதுதானே.

"நான் எழுந்து போகலைங்க."

"எப்போம்மா?"

"மூணு தடவையும். இந்த நாற்காலியிலேருந்தே சொன்னேன். அது இங்கதான் இருந்துது, பன்னண்டாம் கூண்டுல. போன வியாழக்கிழமை ஊசி போட்டாச்சு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கையிலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

டாக்டரின் விசிலைப் பற்றிச் சொன்னாள். அது எழுந்து உட்கார்ந்ததைச் சொன்னாள். சிரித்ததை மட்டும் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு விசிலா?"

"ரெண்டு."

"அப்போ நான்தான் வந்துட்டேன்னு நெனச்சிருக்கும்" என்றார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவள் தாங்கிப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு வெளியேறினார்.

அவள் பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டாம் கூண்டைத் தேடினாள். அவள் கையெழுத்தில் ஒரு நம்பர், பழுப்பு, ஆண், வயசானது. பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள். அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"ஐயா, அதோட பேரு என்ன?"

அவர் திரும்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"மூணு தடவையும் சொன்னேனேம்மா" என்றார்.

பஸ் வந்தது. யாரோ கை கொடுத்து அவரை ஏற்றிவிட்டார்கள். உள்ளேயிருந்து இரண்டு விசில் கேட்டது, பஸ் கிளம்பியது. அவள் தெருவோரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.