சிந்தாத ஆரத்தி

என் மகளின் வளைகாப்பை ஏழாம் மாதத்தில் எங்கள் வீட்டிலேயே நடத்தினோம். முதற் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்ததால், இம்முறை ஏழாம் மாதத்தைத் தொட்டதே எங்களுக்குப் பெரும்பேறாக இருந்தது. மாத்தளையிலிருந்து யட்டவத்த செல்லும் பாதையோரத்தில் எங்கள் வீடு. முன்கூடத்து நாற்காலிகளை முற்றத்துக்கு எடுத்துவிட்டுச் சிவப்புச் சாயப் பாய் விரித்து மகளை நடுவில் அமர்த்தினோம். உடுத்திருந்த கருஞ்சிவப்புப் பட்டு அவளே தெரிவு செய்தது. வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களை அவள் கைகளில் ஏற்றினார்கள்.

நிறைவில் ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீரைத் தட்டில் நிறைத்து, வெற்றிலையின் மேல் சூடமேற்றி, பிள்ளைத்தாய்ச்சியை எழுப்பி நிறுத்தி மும்முறை சுற்றுவோம். பின்னர் அந்நீரை வாசலுக்கு வெளியே கொட்டிவிடுவோம். அன்று அதைக் கரைத்தவள் நான். வெண்கலத் தட்டின் உட்சுவரில் ஒரு கொடி வேலைப்பாடு ஓடுகிறது. அக்கொடி மூழ்கும்வரை ஊற்றிவைத்திருந்தேன். சுற்றும் உரிமை, குடும்பத்தில் மூத்தவரான என் கணவரின் தமக்கைக்கு உரியது. ரிவர்ஸ்டன் மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்தெடுத்தவர். அண்மைக்காலமாக அவருக்குக் கைநடுக்கம் உண்டு.

மூன்றாம் சுற்று முடிந்தபோது மகளின் காலடியில் பாய் நனைந்திருந்தது.

"ஐயோ அத்த, சிந்திட்டீங்களே!" என்றாள் உறவுக்காரப் பெண்ணொருத்தி.

"நான் எங்கடி சிந்துனேன்?"

"பின்ன, வீட்டுக்குள்ள மழையா பேஞ்சிச்சு?"

கூடம் சிரிப்பில் குலுங்கியது. "கை ஆடுறது நெசந்தான். அதுக்காக எல்லாத்தையும் என் தலையிலயே கொட்டாதீங்கடி!" என்று அவரும் சிரித்துக்கொண்டே முறைத்தார். மகளும் அவ்வாறே நம்பினாள். சேலைதான் நனைந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய் வேறொன்றை உடுத்தி வந்தாள். சந்தேகப்பட அங்கே எதுவுமில்லை. கருஞ்சிவப்புப் பட்டிலும் சிவப்புப் பாயிலும் செந்நீர் படிந்தாலும் வெறும் நீர் படிந்தாலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

விருந்து முடிந்தது. மருமகனின் வீட்டார் நாவுல செல்லும் பேருந்தைப் பிடிக்க விரைந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பேருந்து தவறிவிடும் என்று நாத்தனாரும் கிளம்பினார். ஆரத்தித் தட்டு முக்காலியின் மேல் அப்படியே கிடந்தது. கொட்டிவிட்டு வரலாம் என்று நானே எடுத்தேன். இரண்டடி வைத்ததும் தளும்பியது. நடையைக் குறைத்தேன். வேலிப்படலை அடைவதற்குள் நீர் இருமுறை விளிம்புவரை வந்து திரும்பியது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கொடி வேலைப்பாடு முழுவதும் நீருக்குள் இருந்தது. காலையில் எந்த அளவில் நிறுத்தினேனோ அதே அளவு. அத்தட்டிலிருந்து யாரும் எதையும் சிந்தியிருக்கவில்லை.

தட்டை வேலியோரத்தில் தரையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். மகள் கட்டிலில் சாய்ந்து வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கா?"

"பாவாடய மாத்தலம்மா. அதான்." சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தாள். "இல்லம்மா... மாத்திட்டேன். இப்பவும் வருது. வலியே இல்லியே, அதான் ஒண்ணும் சொல்லல."

மருமகன் முச்சக்கர வண்டியை அழைத்தார். மாத்தளை நகரத்து மருத்துவமனைக்குப் போகும் வழியெங்கும் மகள் இரு கைகளாலும் வயிற்றைக் கீழிருந்து ஏந்தியபடி வந்தாள். அவ்வாறு ஏந்தினால் நீர் நிற்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மருத்துவர் இளம் பெண். சிங்களத்தில் கேட்டார்: எப்போது தொடங்கியது, நீர் என்ன நிறம், நாற்றம் ஏதும் இருந்ததா, துணியைக் கொண்டுவந்தீர்களா? நாற்றமில்லை என்றேன். நிறம் தெரியாது என்றேன். ஆரத்தியின் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. இனி வரும் நீரை வெள்ளைத் துணியில்தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குழந்தையைச் சூழ்ந்த உறை காலத்துக்கு முன்பே கிழிந்துவிட்டது. ஆயினும் வலி எடுக்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பும் சீராக இருக்கிறது. நுரையீரல் இன்னும் முதிராத இந்நிலையில் அதற்குத் தாய்வயிறே சிறந்த இடம். ஆனால் கிழிந்த வழியாகக் கிருமி புகுந்தால் அதே வயிறு ஆபத்தாகிவிடும். ஆகவே கிருமிக்கு மருந்து கொடுப்பார்கள், நுரையீரல் விரைந்து முதிர ஊசி போடுவார்கள், நாள்தோறும் உடற்சூட்டை அளப்பார்கள். காய்ச்சல் வந்தாலோ, நீரின் நிறமோ மணமோ மாறினாலோ உடனே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவார்கள். அதுவரை காத்திருப்பது. அதுதான் மருத்துவம்.

காத்திருத்தல் ஒரு செயல் என்பதை அந்த மகப்பேற்று விடுதியில்தான் கண்டேன். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்று பேசிப் பழகியவள் நான். அங்கே பார்வையாளர் நேரத்தில் போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அமர்ந்திருந்தேன். மகளோ உடம்பை ஒரு பாத்திரமாக்கிக் காவல் காத்தாள். புரண்டு படுக்க அஞ்சினாள், இருமலை அடக்கினாள், கழிவறைக்குப் போய்வந்தால் ஏதோ பெரும் பொருளைத் தொலைத்தவள்போல் முகம் வாடினாள். போகிற நீர் போய்க்கொண்டிருந்தாலும் குழந்தையும் புதிதாக நீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும் என்று ஒரு தாதி சொன்ன பிறகே கொஞ்சம் தெளிந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். நான்காம் பேற்றுக்கு வந்தவர். மகள் அவரை, அவர்கள் அக்காவை அழைப்பதுபோல், ராத்தா என்று அழைத்தாள்.

"எங்கட மனிசன் இன்டைக்குச் சோறு ஆக்கினாராம் தங்கச்சி. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டா, கோழி மோந்து பாத்துட்டுப் போயிட்டுதாம்."

"சிரிக்க வைக்காதீங்க ராத்தா, தண்ணி போகுது!"

"அப்ப நான் அழுகிற கதை செல்லவா?"

"வேணாம், வேணாம். அதுக்கும் போகும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு, வயிறு அசையாமல், கண்ணால் மட்டும் சிரிக்க அவள் பழகிக்கொண்டாள்.

வந்துபோன உறவினர் பலர். நாத்தனார் மட்டும் வரவில்லை. "அத்த ஏம்மா வரல?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தியிடம் விசாரித்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆரத்தி சிந்துனதாலதான் இப்புடி ஆச்சுன்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்க டீச்சர். அவங்க சரியா சாப்பிடுறதுகூட இல்ல."

அன்றைய பரபரப்பில் தட்டின் செய்தி எங்கள் மூவரையும் மருத்துவரையும் தாண்டிப் போயிருக்கவில்லை. நாத்தனாரோ அதற்கு முன்பே பேருந்தில் ஏறிவிட்டவர். விடுதியின் வெளிவாசலிலிருந்தே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அக்கா, தட்டு நெறஞ்சுதான் இருந்துச்சு. நான்தானே கொட்டப் போனேன். ஒரு சொட்டுக்கூடக் கொறையல."

"நெசமாவா?"

"நெசந்தான். பாயில கெடந்தது அவ வயித்துத் தண்ணி. நீங்க சிந்தலன்னு தெரிஞ்சதாலதான் அவள அன்னைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்தோம்."

அவர் அழுதார். அழுகையின் நடுவே கோபம் வந்தது. "அன்னைக்கே சொன்னேனே! ஒருத்தி நம்புனீங்களா? டீச்சர் வேற சேந்து சிரிச்சீங்க."

மறுநாள் உச்சிவேளையில் கட்டிலருகே வந்து நின்றார். மகளின் வயிற்றைத் தொடவில்லை. நடுங்கும் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாளு உள்ளயே இரு சாமி. வெளிய ஒரே குளிரு," என்றார்.

பிள்ளை அவர் சொல்லைக் கொஞ்சம் கேட்டது. இரண்டு கிழமைக்கும் மேலாக உள்ளே இருந்தது. பின்னர் ஒரு காலையில் மகளின் உடற்சூடு ஏறியது. அன்றே பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரையான நீளந்தான் இருப்பாள் என்று தோன்றியது. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் குழாய்களுக்கிடையே கிடந்தாள். அழுகை வெளியே கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. எங்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது. மகள் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். பின்னர் பிள்ளையை மார்போடு அணைத்துக் கிடக்க விட்டார்கள். உடலை அசைக்காமல் மணிக்கணக்காகக் கிடப்பது அவளுக்குப் புதிதன்று.

அந்நாட்களில் ஒருநாள் வீடு திரும்பியபோதுதான், வேலியோரத்தில் தட்டு வைத்த இடத்திலேயே கிடப்பதைக் கவனித்தேன். மழை பெய்து செந்நீர் வெளுத்திருந்தது. வெற்றிலை அழுகியிருந்தது. புளி போட்டுத் துலக்கி எடுத்துவைத்தேன்.

மூச்சு நிலைத்து, எடை ஏறிய பின்னரே குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டும். நாத்தனார் அதிகாலையிலேயே வந்து, "அந்தத் தட்டுத்தான் வேணும்," என்றார். தாமே கரைத்தார். கொடி மூழ்கும்வரை ஊற்றி, அதற்கு மேலும் ஊற்றினார்.

"எல்லாரும் வந்து பாத்துக்குங்கடி. பெறகு யாரும் கத கட்டக்கூடாது."

பெண்கள் உண்மையாகவே வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். வளைகாப்பன்று முதலில் குரலெடுத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பிள்ளையை மார்போடு சேர்த்து வாசற்படியில் நின்றாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் அவர் கை நடுங்கியது. செந்நீர் தட்டின் விளிம்பைக் கடந்து மகளின் பாதங்களில் தெறித்தது.

எல்லார் பார்வையும் பாதங்களிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து அவர் முகத்துக்கும் போனது.

"இது நாந்தான்டி," என்றார் நாத்தனார்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். தோள் குலுங்க, வயிறு குலுங்க, எதையும் அடக்காமல் சிரித்தாள். மார்பில் கிடந்த பிள்ளை அந்தக் குலுக்கலில் விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. இம்முறை அந்த அழுகை பாதைவரை கேட்டது.