இரண்டு ஸ்பூனுக்கு இரண்டு முட்டை

எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்தது என் கணக்குப் பேப்பரில் மட்டும்தான். அதற்கும் வரவேற்பு இருந்ததில்லை. மற்றபடி நாங்கள் சுத்த சைவம். யார் வீட்டுப் பிறந்த நாளுக்காவது கேக் வந்தால் அம்மா முதலில் கேட்பது, "அது போட்டதா, போடாததா?" என்றுதான். அந்தச் சொல்லை வாயால் சொல்லவே அவளுக்குக் கூசும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணான நான் இரண்டு வருஷம் தினமும் இரண்டு முட்டை தின்றேன். தின்றதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். முதல் வாரமே உடற்கல்வி மேடம் என் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு, நாலு கிலோ இரும்புக் குண்டைக் கையில் கொடுத்து எறியச் சொன்னார். எறிந்தேன். எனக்குப் பிடித்துப் போயிற்று. அதுவரை என் உடம்பைப் பற்றி உறவினர்கள் சொன்னதெல்லாம் "பொண்ணு கொஞ்சம் வாட்டசாட்டம்" என்பதுதான், அதுவும் குரலைத் தாழ்த்தி. இங்கே அதற்குக் கைதட்டினார்கள்.

ஆனால் எறிய எறிய எனக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "எறியற பொண்ணுக்கு நீங்க சாப்பிடறதுல புரோட்டீன் பத்தாது. முட்டை சாப்பிடுவீங்களா?" என்று அவர் கேட்டார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு சீட்டில் ஒரு டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பவுடர் ஈரச் சாக்கைப் போல நாறியது. பாலில் கலந்தால் கட்டி கட்டியாக மிதக்கும், தண்ணீரில் கலந்தால் அடியில் சேறாகத் தங்கும். மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். நான்காம் நாள் ஒரு பொய் சொன்னேன். எறிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இதைக் குடிக்க வேண்டும், அப்போதுதான் சத்து உடம்பில் ஒட்டும், மேடமே சொன்னார் என்றேன். அம்மா நம்பினாள். தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் பவுடரை நான் காகிதத்தில் பொட்டலமாக மடித்து எடுத்துப் போகலாம் என்று ஆயிற்று.

மைதானத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். மாடம்பாக்கத்துக்காரி, கிறிஸ்தவப் பெண். அவள் அப்பா கல் குவாரியில் வேலை செய்தார். அவளும் குண்டுதான் எறிந்தாள், என்னைவிட எப்போதும் ஒரு முழம் தள்ளி. காலைப் பயிற்சிக்கு முன்னால் விளையாட்டுச் சாமான் அறையின் படியில் உட்கார்ந்து, டிபன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து இரும்புக் குண்டின் மேல் ஒரு தட்டு தட்டுவாள். ஓடு அழகாக விட்டுக்கொள்ளும். உப்பும் மிளகுத் தூளும் தனியாக ஒரு காகிதத்தில் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாடி அது பொட்டலம்?" என்றாள் ஒரு நாள்.

"சத்துப் பவுடர். டாக்டர் குடுத்தது."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு நொடி முகம் அப்படியே நின்றது. அப்புறம், "ஷோக்கா கீதுடி! ஆபீசர் வூட்டுத் தீனின்னா சும்மாவா? இத எனக்குக் குடுத்துடு. நீ இந்த ரெண்டு முட்டயத் துன்னு," என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். இரண்டு ஸ்பூனுக்கு இரண்டு முட்டை. முதல் முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, ருசியாக இருந்தது. மஞ்சள் கரு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயில் கவிச்சி வாசனை போக மைதானத்து ஓரத்தில் இருந்த கொய்யா மரத்து இலையைப் பறித்து மென்றேன். அவளும் பொட்டலத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் நிதானமாகக் குடிப்பாளாம்.

ஆறு மாதத்தில் என் ரவிக்கைக் கைகளை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாவதாக வந்தேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் கோப்பையையும் பவுடர் டப்பாவையும் ஷோகேஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காலனிப் பெண்கள் வந்தால் கோப்பையைக் காட்டிவிட்டு டப்பாவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவாள். எதிர்வீட்டு அக்கா வாங்கினார். பின்தெருவில் நான்கு வீட்டார் வாங்கினார்கள். மருந்துக் கடைக்காரர் எங்களைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்காது.

ஆனால் இரண்டாவது பரிசு என்றேன் அல்லவா? முதல் பரிசு அவளுக்கு. அந்த ஒரு முழம் குறையவே இல்லை. எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. நான் தின்பது வெறும் முட்டை. அவள் குடிப்பதோ டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர், என் வீட்டுப் பவுடர். அதனால்தான் முந்துகிறாள் என்று நினைத்தேன். அடுத்த போட்டிக்கு முந்தைய ஒரு வாரம் பொட்டலத்தில் ஒன்றரை ஸ்பூன்தான் மடித்தேன். அவள் முட்டை மட்டும் இரண்டாகவே வந்தது. அந்தப் போட்டியிலும் அவள்தான் முதல். நான் வெட்கப்பட வேண்டியது என்று சொன்னது இதைத்தான்.

மூன்றாம் வருஷம் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆள் எழவில்லை. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. அதே டாக்டர், அதே கேள்வி. இந்தத் தடவை அம்மா காலண்டரைப் பார்க்கவில்லை. "எங்க வீட்லதான் பவுடர் இருக்கே டாக்டர், என் பொண்ணையே அதுதான் தூக்கி நிறுத்துச்சு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

ஒரு மாதம் ஓடிற்று. அப்பா பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். லீவு முடிய இரண்டு வாரம் இருந்தபோது, தன்னால் முடியுமா என்று பார்க்க ஸ்டேஷன் வரை நடந்து போனார். நடைபாலத்தில் ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டார். காலனிக்காரர் ஒருவர் ரிக்ஷாவில் வைத்துக் கொண்டுவந்து விட்டார். அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸ் பையை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். இனி அந்தப் பாலத்தைத் தாண்டவே முடியாது என்று அவர் பயந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நான் கொல்லைப் பக்கம் போனேன். அப்பா செம்பருத்திச் செடியின் அடியில் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் போல விழித்தார்.

"வயித்துல நிக்க மாட்டேங்குதும்மா, குமட்டிக்கிட்டு வருது," என்றார். அப்புறம் நிஜமான மரியாதையோடு, "நீ எப்படிம்மா இதை ரெண்டு வருஷம் குடிச்சே?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். ஆனால் காலி டம்ளரோடு நின்ற மனிதரிடம் அது வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தார். ஒரு மாதமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்து மூச்சு வாங்கிவிட்டு, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு அவ்வளவு தெம்பு கிடையாது," என்றார்.

அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ இது எதுவும் பவுடரால வரலையா?"

"இல்லம்மா."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஷோகேஸிலிருந்த டப்பா இடம் மாறியிருந்தது. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணை சனிக்கிழமை வரச் சொல்லு. வரும்போது நாலு கொண்டு வரச் சொல்லு," என்றாள். என்ன நாலு என்று நானும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் அப்பா அந்தப் பாலத்தை ஏறி இறங்கி வேலைக்குப் போனார். லீவைக் கொஞ்சம் நீட்டிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முட்டை மட்டும்தான் அவரை எழுப்பியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பசி திரும்பியது, சோறு இறங்கியது, வாய்க்குப் பிடித்து ஒன்றைத் தின்றார். அந்த டப்பாவின் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. குடிக்க முடிகிறவர்கள் குடிக்கட்டும். பின்னாளில் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஜிம்கள் வந்தபோது எத்தனையோ பேர் என் தோளைப் பார்த்துவிட்டு என்ன பவுடர் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொள்வேன்.

அன்று என் தோழி ஒயர் கூடையில் உமி பரப்பி, நான்கு முட்டைகளைப் புதைத்து எடுத்து வந்தாள். அம்மா அவளை வீட்டுக்குள் வரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள், பிறகு கொல்லைக்கு அழைத்துப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டவ், அதன் மேல் ஒரு பழைய அலுமினியப் பாத்திரம். கல்லின் மேல் பவுடர் டப்பா. அம்மா அதை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதை இத்தனை நாளா நீதானே குடிச்சே? டப்பாவோட எடுத்துக்கிட்டுப் போம்மா."

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, திட்டாதீங்க. நான் எங்க குடிச்சேன்? மொத நாளே வாந்தி வந்துச்சு. எல்லாத்தையும் தவுட்டுல கலந்து எங்க வூட்டுக் கோழிங்களுக்குத்தான் போட்டேன். அதுங்க நல்லா துன்னுச்சுங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தின்ற முட்டைகள் எல்லாம் என் பவுடரைத் தின்ற கோழிகள் இட்டவை.

"பின்னே எதுக்குடி வாங்கின?" என்று கத்தினேன்.

"சும்மா குடுத்தா நீ வாங்கிக்குவியா? ரோசக்காரி. தெனம் நான் துன்றத பாத்துகினு பசியோட குந்தினு இருந்த. அதான் மாத்திக்கலாம்னு சொன்னேன்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல ஒரு வாரம் அளவு கொறஞ்சிதும்மா. வூட்ல ஏதோ கஷ்டம் போலன்னு நென்ச்சிகினு நானும் ஒண்ணும் கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கஷ்டமெல்லாம் இல்ல. நீ ஜெயிக்கக் கூடாதுன்னு நான்தான் குறைச்சேன்," என்றேன்.

"அட போடி, கோழி இன்னா குண்டா எறியப் போவுது?" என்று அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்ததே தேவலை.

பிறகு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து உள்ளே இறக்கினாள்.

"எத்தனை நிமிஷம் வேகணும்?"

"கொதிச்சப்புறம் பத்து நிமிசம் போதும்மா."

"நாலும் எதுக்கு? அப்பாவுக்கு ரெண்டு போதுமே," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மீதி ரெண்டு உனக்கு. இனிமே கொய்யா இலை மெல்லாதே, பல்லெல்லாம் கறை."

தோழி கிளம்பும்போது அம்மா டப்பாவை மறுபடியும் எடுத்து ஒயர் கூடைக்குள் வைத்தாள். உமியை அதைச் சுற்றி அணைத்துவிட்டாள்.

"அப்போ கோழிக்கே போடு. தினம் ரெண்டு ஸ்பூன்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "அளவு குறையக் கூடாது."