வசி ஆடாத சனிக்கிழமை

ஆக்லாந்துக்குக் கிரிக்கெட் பார்க்க வருகிறோம், மைதானத்துக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் அந்த மைதானத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. விலைகள் பழையவை, வழி அநேகமாக அதேதான். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

போன காரணம் வசி. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இடதுகைச் சுழல்பந்துக்காரன். சொந்த ஊர் எழுவைதீவு. தீவுக்குப் பக்கத்துத் தீவு. வரைபடத்தில் தேடினால் கண் வலிக்கும். அங்கிருந்து கொழும்புக்குப் போய், சிங்களம் படித்து, கிளப் கிளப்பாக அலைந்து, முப்பத்தொரு வயதில் நாட்டு அணிக்குள் காலை வைத்தான். அதுவும் மூன்று சுற்றுப்பயணத்தில் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடிய கால். விளையாடியது ஒரே ஒரு போட்டி. அவன் மூன்று ஓவர் போட்டதும் மழை வந்துவிட்டது. அவ்வளவுதான் அவனுடைய சர்வதேச வாழ்க்கை.

வியாழன் இரவு ஹோட்டலிலிருந்து போன் எடுத்தான். "மச்சான், எங்கட முதல் ஸ்பின்னருக்குக் கை விரல் வீங்கிப் போச்சு. சனிக்கிழமை நான்தான் ஆடுறன். இதிலை விட்டால் எனக்கு இனி இல்லை, விளங்குதோ?" என்றான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வந்ததோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்குப் பின்னேரம் வீட்டை வா, கூழ் காய்ச்சிறன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"வெளியிலை சாப்பிடக்கூடாது எண்டு மனேஜர் சொன்னவர்," என்று இழுத்தான்.

"என்ர வீடு உனக்கு வெளியோ?" என்று கேட்டேன். நம்மவர்களிடம் இந்தக் கேள்வி தோற்றதே கிடையாது; நாலு மணிக்கு வந்து ஏற்றச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு. எங்கள் ஊர்க் கூழுக்கு வேண்டிய ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தந்தது வீட்டில் இருந்தது. அதில் போட நண்டும் இறாலும் கடையில் வாங்கினேன். மட்டிச் சிப்பி மட்டும் இல்லை. தீவானுக்கு மட்டி போடாத கூழா? நாங்கள் இருந்த மனுரேவாவிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் மனுகாவ் துறைமுகத்தின் சேற்றுக்கரை. கடல் வற்றுகிற நேரத்தில் கால் வைக்கிற இடமெல்லாம் மட்டி. கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள்: மழை பெய்தால் சில நாட்களுக்கு இங்கே மட்டி எடுக்க வேண்டாம் என்று. புதன்கிழமை மழை கொட்டியிருந்தது. வெள்ளைக்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு போர்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு வாளி நிறைய அள்ளினேன்.

நாலு மணிக்கு நகரத்து ஹோட்டலுக்குப் போய் அவனை ஏற்றினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், மோட்டர்வேயில் அரை மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வழியெல்லாம் காரின் முன்தட்டில் விரல்களைச் சுழற்றிக்கொண்டே வந்தான்.

வீட்டில் விருந்தாளியை எப்படிக் கவனிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் மனைவிக்கும் வெறும் கூழ். நண்டுக்கால், இறால், மட்டி முழுக்க அவன் கிண்ணத்துக்கு. மூன்றாம் கிண்ணத்தோடு கையால் மறைத்தான்.

"போதும்டா, நாளைக்கு ஓட வேணும்."

"ஏனப்பா, விளையாடப் போற மனுசனைக் கட்டாயப்படுத்திறியள்?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. வாளியில் மிஞ்சியதையும் அவித்து அவன் கிண்ணத்தில் கொட்டினேன். எட்டு மணிக்கு முன்பே ஹோட்டலில் இறக்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை மனுரேவாவில் எட்டேகாலுக்கு ரயில் ஏறினேன். நகரத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், அங்கே மாறி மேற்குப் பாதையில் கிங்ஸ்லாண்டுக்குக் கால் மணித்தியாலம். போகவர ஐந்து டொலர். இறங்கினால் ஐந்து நிமிட நடை. நுழைவுச்சீட்டு இருபது டொலர். வெயில் எரிக்கும், தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் வரிசையில் பதினைந்து தமிழர் இருந்தோம். ஒலிபெருக்கியில் பதினொரு பெயரும் வாசித்தார்கள். வசியின் பெயர் இல்லை. நான் எழும்பி நின்று கத்தினேன்: "தமிழன் எண்டபடியாத்தான் வெட்டினவங்கள்! நேற்றுக்கூட டீமிலை இருந்தவன்!" வரிசை முழுக்கக் கொதித்தது. மலேசியாக்காரர் ஒருவர், அறிமுகமே இல்லாதவர், என் தோளைத் தட்டி, "விடுங்க அண்ணே, நம்மாளுங்க தலையெழுத்து எங்க போனாலும் இதுதான்" என்றார். வசிக்குப் பதிலாக இறங்கிய பெடியன் நாலு விக்கெட் எடுத்தான். நான் அவனைப் பெயர் சொல்லித் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்தான்?

வீட்டுக்கு வந்து ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். வசியின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"விடிய ரெண்டு மணியிலை இருந்து கக்கூசுதான் மச்சான். காலமை சப்பாத்து லேஸ் கட்டக் குனிஞ்சன், அப்பிடியே விழுந்திட்டன். டொக்டர் வந்து ஊசி போட்டவர். மட்டி எங்கை வாங்கினனீ?"

"கடையிலை," என்றேன்.

"ம்," என்றான். "மனேஜர் எங்கை சாப்பிட்டனீ எண்டு கேட்டவர். ஹோட்டலிலைதான் எண்டு சொன்னன். வீட்டுக்கு வந்தது தெரிஞ்சால் அடுத்த டூரும் இல்லை. நீயும் ஒருத்தருக்கும் சொல்லாதை."

அடுத்த டூர் வரவில்லை. அந்த நாலு விக்கெட் பெடியனை அதன்பிறகு யாரும் அசைக்கவில்லை. வசி கொழும்பில் ஒரு பாடசாலையில் பந்து போடச் சொல்லிக்கொடுக்கிறான் என்று கேள்வி. நான் கடிதம் போடவில்லை. எந்த முகத்தோடு போடுவது?

நான் கத்திய பொய் மட்டும் நன்றாக வாழ்கிறது. போன மாதம் நியூ லின்னில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு பெடியன் உப்புப் புளி சேர்த்து அதையே எனக்குச் சொன்னான். "தமிழன் எண்டு கடைசி நிமிசத்திலை வெட்டினவங்களாம். நீங்கள் அண்டைக்கு அங்கை இருந்தனீங்களாமே அண்ணை?"

"ஓம், இருந்தனான்," என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிட்டேன்.

ஆகவே, வருகிறவர்களுக்கு: ரயிலில் வாருங்கள், கார் நிறுத்த இடம் கிடையாது. பழைய நகர ஸ்டேஷன் இப்போது இல்லை, புதியது துறைமுகத்தடியில். ஆட்டக்காரன் யாராவது தெரிந்தவனாக இருந்தால் ஆட்டம் முடிந்தபிறகு சாப்பிடக் கூப்பிடுங்கள். கடற்கரைக்குப் போனால் பலகையைப் பாருங்கள். மனுகாவ் கரையில் இப்போது புதுப் பலகை. நாலு மொழியில், படமும் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று இருந்தது ஆங்கிலத்தில் மட்டும். எனக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரியும்.