காய்ச்சல் இல்லாத நாள்

என் தங்கச்சி முதல் நோன்பு பிடித்தது மலேரியாவோடு. அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. நோன்பு மாதமும் அறுவடையும் ஒன்றாக வந்த வருஷம் அது. வாப்பா சம்மாந்துறைப் பக்கம் வயலிலேயே வாடி போட்டுத் தங்கியிருந்தார். உம்மா விடிந்ததும் அங்கே போய், நோன்பு திறக்கும் நேரத்துக்குத்தான் கல்முனைக்குத் திரும்புவார். வீடு என் பொறுப்பு. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தங்கச்சிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும் காய்ச்சலும். மூன்று போர்வை போட்டாலும் கட்டில் ஆடும். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, முதல்நாள் குளிசையை அங்கேயே விழுங்கவைத்து, மிச்சம் இரண்டு நாளைக்கும் தந்துவிட்டார்கள்.

"பகல் சோறு குடுத்துப்போட்டு இதக் குடு. மறந்திராத" என்று உம்மா அவற்றை என் கையில் தந்தார்.

அடுத்த நாள் காய்ச்சல் இல்லை. விடியுமுன் சஹருக்குத் தானாக எழும்பி வந்து எங்களோடு சாப்பிட்டாள். பசிக்கிறதென்றால் சுகம்தான் என்று உம்மா சந்தோஷமாகப் புறப்பட்டார். பகல் சோறு போட்டபோதுதான் அவள் சங்கதியைச் சொன்னாள்.

"ராத்தா, நான் நோன்பு. நிய்யத்து வச்சிட்டன்."

"உனக்கு வருத்தம்டி. குளிச குடிக்கணும்."

"இண்டைக்குக் காச்சல் இல்லத்தானே? குடிச்சா நோன்பு முறிஞ்சிரும். மாமிட மகளும் பிடிச்சிட்டாள்."

எங்கள் குடும்பத்தில் முதல் நோன்பை முழுதாகப் பிடிக்கும் பிள்ளைக்குப் புதுச்சட்டை உண்டு. மாமியின் மகள் அந்தச் சட்டையோடு எங்கள் வேலியோரம் நாலு தரம் நடந்து காட்டிவிட்டுப் போயிருந்தாள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று மத்ரசாவில் படித்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் எழும்பி நடக்கிறவள் நோயாளியா? குளிசை காய்ச்சலுக்கு, காய்ச்சல் இல்லை, பிறகெதற்குக் குளிசை? அதைத் தென்னையடி மணலில் புதைத்தேன்.

மாலையில் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும், தானும் நோன்பு என்று அவளே போட்டுடைத்தாள். உம்மாவின் முகம் மாறியது.

"அப்ப குளிச?"

"சஹர் சாப்பிட்ட கையோட குடுத்திட்டன் உம்மா" என்றேன். பாங்கு சொல்வதற்கு முன்னால், நோன்பு வாயால் சொன்ன பொய்.

உம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சட்டை வந்தது. மறுநாளும் அவள் நோன்பு பிடித்தாள். காய்ச்சல்தான் இல்லையே என்று மறுநாள் குளிசையும் மணலுக்குள் போனது. அன்று காய்ச்சல் வரவேண்டிய முறை; வரவில்லை. நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம்.

அடுத்த கிழமை அது திரும்பி வந்தது. இந்த முறை வலிப்பு. புதுச்சட்டையோடுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெருநாளுக்கு முன் மவுத்தாகிவிட்டாள்.

இன்று ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் இருப்பது என் தொழில். மலேரியா நாட்டை விட்டுப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தத்தில்தான் தேடுகிறோம். அந்த ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்தை முதலில் தொட்டுப் பார்க்கும். பிறகு தன் கூர்முனையை அதன் பக்கம் திருப்பும். கலத்தின் தோலைக் கிழிக்காது. அந்தத் தோலையே போர்த்திக்கொண்டு உள்ளே நுழையும். அரை நிமிஷம்கூட ஆகாது. உள்ளே இருந்து தின்று பெருகி, இரண்டாம் நாள் கலத்தை வெடித்துக்கொண்டு கூட்டமாக வெளியே வரும். அப்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும். காய்ச்சல் இல்லாத நாள் அது இல்லாத நாள் அல்ல. உள்ளே இருந்து வேலை செய்யும் நாள். இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு நோன்பிலும் உம்மா அவளுக்காக துஆக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார். "குளிசயும் நேரத்துக்குக் குடுத்தாய்தானே மகள். உன்னில ஒரு குறையும் இல்ல. அல்லாஹ்ட நாட்டம்."

"ஓம் உம்மா" என்கிறேன். அந்தப் பொய்யை ஒருதரம் சொன்னால் போதும் என்றுதான் பதினொரு வயதில் நினைத்திருந்தேன்.