இனிப்பில்லாத டப்பா

காடாம்புலியூர் முந்திரி வியாபாரி வைத்திலிங்கம் தனக்குச் சர்க்கரை வியாதி என்று 2004இல் தெரிந்த அன்றைக்கே இனிப்பைத் தலைமுழுகினார். பலா சீசனில் ஊரே மணக்கும். மனிதர் ஒரு சுளையைத் தொடமாட்டார். அந்த வைராக்கியத்தை மெச்சாதவர்கள் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? உடைசல் முந்திரியை நெய்யில் வறுத்து, உப்பும் மிளகும் தூவிப் பகல் முழுக்கக் கொறித்தார். போதாததற்கு மெதுவடையும் ஆட்டுக்கறியும். இனிக்காதது எதுவும் தன்னை ஒன்றும் செய்யாது என்று நம்பினார். ஊருக்கும் அதையே சொன்னார்.

மகள் காயத்ரியைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தார். அப்பாவின் வியாதி தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. 2011இல் அவள் உண்டானதிலிருந்து, இனிப்புக்குப் பதிலாக இவர் வாராவாரம் ஒரு டப்பா நெய் முந்திரி அனுப்பினார். வளைகாப்புச் சீருக்கு லட்டும் அதிரசமும் கூடாதென்று மனைவி மலர்க்கொடியிடம் மல்லுக்கு நின்று, அங்கேயும் முந்திரியைத்தான் தட்டில் வைத்தார்.

மறுவாரம் மருமகன் போன் செய்தார். காயத்ரிக்கு எடை எக்கச்சக்கமாக ஏறி, ரத்தத்தில் சர்க்கரையும் கூடியிருக்கிறதாம். அதே வாரம் கடலூர் டாக்டர், இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்று வைத்திலிங்கத்திடம் சொன்னார். ஏழு வருஷமாகச் சர்க்கரை தொடாத தனக்கா என்று இவர் சண்டைக்கே போனார். டாக்டர் கோபப்படாமல், என்னதான் சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இன்சுலின் சுரக்கிற செல்லு கணையத்துல இருக்குங்க. ஒடம்புல கொழுப்பு ஜாஸ்தியாயி அங்கயும் போய்த் தங்கிடுச்சின்னா, அந்த செல்லுங்க களைச்சிப்போயி, கடைசில செத்தே போயிடும். உங்களுக்கு நெறைய போயிடுச்சி."

வைத்திலிங்கம் மகளைப் பற்றிச் சொல்லிக் கேட்டார். பிள்ளை சுமக்கும்போது அந்த செல்களுக்கு வேலை அதிகம், அவளுடையது களைத்துத்தான் போயிருக்கும், இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் சிதம்பரம் பஸ் ஏறினார்.

காயத்ரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர் அனுப்பிய டப்பா. அடியில் நாலைந்து பருப்புதான் மிச்சம்.

"நான் ஒரு ஸ்வீட்டுகூடத் தொடலப்பா," என்று அழுதாள். "நீங்க குடுத்து உட்டதத்தாம்பா சாப்ட்டேன்."

வைத்திலிங்கம் டப்பாவை எடுத்து மூடினார்.

"தப்பு உன்து இல்லம்மா," என்றார். "என்து."